அந்தமானுக்கு அஞ்சு டீச்சர்

இந்த வண்டி கெளம்புற லட்சணத்தப் பாருங்க சார். டிரைவர் டீயக் குடிச்சான், டம்ளரக் குடுத்தான், சரி ஏறுவான்னு பாத்தா கடைக்காரங்கிட்ட கதை பேசிக்கிட்டு நிக்கிறான். நான் இருந்த காலத்துல இப்புடி நின்னிருந்தா மைக்குலயே மானத்த வாங்கியிருப்பேன். டைம் கீப்பர் சார் நான். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, "மதுரை வண்டி எடுப்பா, பின்னால வண்டி நிக்கிது"ன்னு கத்துமே ஒரு குரல், அது நான்தான். தவமணின்னு சொன்னா டிப்போ பூராத் தெரியும். ரிட்டயராகி சில வருசம் ஆச்சு, இன்னும் சில டிரைவரு என்னயப் பாத்தா வாட்சப் பாப்பான்.

மடியில இருக்குற பைய நீங்க பாக்குறது தெரியுது. ஜவுளிக்கடைப் பைதான். உள்ள ஜீன்ஸ் பேன்ட்டு. மகனுக்கா பேரனுக்கான்னு யோசிக்க வேணாம், எனக்குத்தான். சிரிங்க, பரவால்ல. மதுரையில எடுத்தது, மதுரையிலயே திருப்பிக் குடுக்கப் போறேன். போட்டுப் பாத்ததோட சரி. பில்லு இருக்கு, தொங்குற அட்டையக்கூடப் பிய்க்கல. வாங்க மாட்டோம்னு சொல்லட்டும், அப்புறம் இருக்கு அவய்ங்களுக்கு.

எதுக்கு எடுத்தேன்னு கேளுங்க. அந்தமான் போறதுக்கு.

அந்தமான்னு சொன்னதும் நீங்களும் புருவத்தத் தூக்குறீங்க பாத்தீங்களா. எல்லாரும் இதத்தான் செய்யிறாய்ங்க. என்ன இருக்குங்குறேன் அங்க? சுத்தித் தண்ணி, நடுவுல மண்ணு. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் ஆளப் புடிச்சு, இனிமே ஊர்ப்பக்கம் தல காட்டாதடான்னு கொண்டுபோய் அடச்ச எடம். இன்னைக்கு அதே எடத்துக்கு நம்ம ஆளுக பெட்டிய உருட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுப் போறாய்ங்க. வெயில் நல்லா அடிக்குமாம், மணல்ல படுத்துக் கெடக்கணுமாம். மே மாசத்துல திருமங்கலத்துல இல்லாத வெயிலா சார்? எங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு நாழி படுத்துப் பாக்கட்டும், முதுகுல அப்பளம் பொரிக்கலாம்.

என் வீட்டுக்காரி பரிமளா. சமூக அறிவியல் டீச்சர். மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடம், பெரிய ஸ்கூலு. இந்தியா மேப்பக் குடுத்து, "அந்தமானக் குறி, லட்சத்தீவக் குறி"ன்னு பிள்ளைகள வதைக்கிறதுதான் அவளுக்கு இத்தன வருசமா பொழப்பு. இந்த வருசத்தோட ரிட்டயர்மென்ட்டு. மார்ச் மாசம் ஆண்டு விழாவோட சேத்து, பணி நிறைவு விழாவும் வச்சுட்டாங்க. இந்தப் பள்ளிக்கூட விழா நீங்க பாத்திருப்பீங்க. ரிட்டயர் ஆகுறவங்கள மட்டும் மேடையில ஏத்த மாட்டாங்க, வீட்டுக்காரரையும் ஏத்தி, ஜோடியா சேர் போட்டு, மாலையப் போட்டு, பொன்னாடையப் போத்தி உக்கார வச்சுருவாங்க. எனக்குக் கல்யாணத்துக்குக்கூட அம்புட்டுப் பெரிய மாலை போடல. கழுத்தத் திருப்ப முடியல. பேசுறவங்க எல்லாரும், அவ இல்லாட்டி இந்தப் பள்ளிக்கூடமே இல்லைங்குறாங்க. சரி, சொல்லிட்டுப் போகட்டும்.

அங்க ஒரு அம்மா இருக்கு, ஸ்டெல்லா டீச்சர்னு. பி.டி. டீச்சர். விசில் ஊதுற உத்தியோகம். உத்தியோகத்துக்கு ஊதுனாப் பத்தாதுன்னு ஊர் விசயத்துக்கும் ஊதும். அது மைக்கப் புடிச்சு, "எங்க பரிமளா டீச்சருக்கு எங்க அன்புப் பரிசா, லீவுல டீச்சர அந்தமானுக்குக் கூட்டிட்டுப் போகப்போறோம்"னு சொல்லுச்சு. ஒரே கைதட்டு. பரிமளா வாயப் பொத்திக்கிட்டு அழுகுறா. பக்கத்துல மாலையும் பொன்னாடையுமா நான். இப்ப நீங்க சொல்லுங்க சார், ஜோடியா உக்கார வச்சு ஜோடியா மாலை போட்டவங்க, பரிச மட்டும் ஒத்தையாவா குடுப்பாங்க? யாரா இருந்தாலும் என்ன நினைப்பாங்க?

கடைசியில, "சார் ரெண்டு வார்த்த பேசணும்"னாங்க. மைக்கு நமக்குப் புதுசா? எந்திரிச்சேன். "எங்க ரெண்டு பேரையும் அந்தமானுக்கு அழைச்ச ஆசிரியப் பெருமக்களுக்கு நன்றி. போக்குவரத்துல இத்தன வருசம் இருந்தவன் நான். பயண ஏற்பாடு பூரா எம்பொறுப்பு, நீங்க யாரும் கவலையே பட வேணாம்"னு சொல்லிட்டு உக்காந்தேன். அந்தக் கைதட்டப் பாக்கணுமே! ஸ்டெல்லா டீச்சர் வாயத் தொறந்தது தொறந்தபடி நிக்கிது. அம்புட்டு சந்தோசம்னு நினைச்சேன். ஹெட்மாஸ்டர் என் கையப் புடிச்சுக் குலுக்குறாரு. பரிமளா தலையக் குனிஞ்சுக்கிட்டா. வெக்கப்படுறான்னு நினைச்சேன்.

தப்புன்னா அப்பவே சொல்லியிருக்கணுமா, இல்லையா? அம்புட்டுப் பேரு படிச்சவங்க. "சார், டீச்சர்க மட்டுந்தான் போறோம்"னு ஒரு வார்த்த. யாருக்கும் வாய் வரல. படிச்சவங்களே இப்புடித்தான் சார், பேச வேண்டிய எடத்துல பல்லக் காட்டிட்டு நின்னுருவாங்க.

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். வீட்டுக்காரிகிட்ட, "டிக்கெட்டு யார் போடுறா"ன்னு கேட்டேன். "ஸ்டெல்லா போட்டுட்டாங்க"ன்னா. "எனக்குமா?"ன்னு கேட்டதுக்கு, "ஏங்க, அதப் பத்தி உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்"னா. "டிக்கெட்டுதான் போட்டாச்சுங்குறியே, அப்புறம் என்ன பேச்சு, மத்த வேலையப் பாப்போம்"னுட்டேன். நமக்கு ஏகப்பட்ட வேலை கெடக்கு. போன்ல மூணு டூர்க்காரன்கிட்ட விசாரிச்சேன். ஒவ்வொருத்தனும் ஒரு ரீல் விடுறான். கடலுக்கு அடியில நடக்கலாங்குறான். தண்ணிக்குள்ள எதுக்குடா நடக்கணும், ரோடு இல்லையா? அடியில கண்ணாடி போட்ட படகு இருக்குங்குறான். மீனு தெரியுமாம். எங்க ஊரு மார்க்கெட்டுல தெரியாத மீனா? இதுல ஒண்ணும் வேணாம்னுட்டேன்.

நானே ஒரு ஏற்பாடு போட்டேன். அதிகாலையில எல்லாரும் எந்திரிச்சிரணும். கூட்டத்துக்கு முன்னாடி போய் பீச்சப் பாத்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள ரூமுக்கு வந்துரணும். கடல்ல முழங்காலுக்கு மேல யாரும் எறங்கக் கூடாது. ஊறுகா, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் இங்கருந்தே கொண்டுபோறது. சின்னதா ஒரு கரண்ட் அடுப்பு. அங்க விக்கிற நண்டையும் கருமாந்திரத்தையும் தின்னுட்டு யாராவது வயித்தப் புடிச்சா, அப்புறம் தீவுல டாக்டர எங்க போய்த் தேடுறது? சாயங்காலம் பீச்சு கெடையாது. இருட்டுன பெறகு படகுல திரும்புறது நமக்கு ஒத்துவராது.

பரிமளா பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. "சாயங்காலம் சும்மா கரையில உக்காந்திருக்கலாம்ல"ன்னா. "உக்கார்றதுக்கு நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா? அதுக்கு ஏரோப்பிளேன்ல போவாங்களா"ன்னு கேட்டேன். கீரையத் தூக்கிக்கிட்டு உள்ள போய்ட்டா. நியாயமா ஒண்ணு கேட்டா இவளுகளுக்குப் பதில் வராது சார்.

நம்ம கூட டூர் வந்து யாரும் கெட்டதில்ல. கொடைக்கானல், குத்தாலம், ராமேஸ்வரம் எல்லாம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவையாவது பஸ்ஸ விட்டிருப்போமா? கன்னியாகுமரி போனப்ப, சூரியன் மறையிறதப் பாக்க ஊரே கடற்கரையில நிக்கிது. முட்டாப் பயலுக. மறைஞ்சவொடனே மொத்தக் கூட்டமும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான வரும்? இவளையும் பிள்ளைகளையும் முன்னாடியே கெளப்பிக் கொண்டாந்து, ஜன்னல் சீட்டா பாத்து ஏத்திட்டேன். பொடிசுக அழுதுச்சுக. "சூரியன் எங்கடா போகப்போகுது, நாளைக்கும் மறையும்"னேன். ஊர் வர்ற வரைக்கும் உக்காந்துக்கிட்டே வந்தோம் சார்! மத்தவய்ங்க எல்லாம் நாகர்கோவில் வரைக்கும் நின்னுக்கிட்டு வந்தாய்ங்க. பரிமளா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே நிம்மதியா வந்தா.

அப்பேர்ப்பட்ட ஆளு நான். போட்ட ஏற்பாட்ட அவ போன்லருந்தே அவங்க வாட்ஸப்புக்கு அனுப்பினேன். எல்லாரும் ஒண்ணு போல ரெண்டு கையக் கூப்பின படத்தப் போட்டாங்க. ஒரு டீச்சர் ரெண்டு தடவ கும்புட்டுச்சு. அட, இம்புட்டு மரியாதையான்னு எனக்கே கூச்சமாப் போச்சு. ஸ்டெல்லா மட்டும் ஒண்ணும் போடல. பொறாமை.

அப்பத்தான் ஒரு நாள் பரிமளா மெதுவா வந்து, "ஜீன்ஸ் எடுக்கணும்"னா. எனக்குக் காது சரியாத்தான் இருக்கு, இருந்தாலும் "என்னாது?"ன்னேன். ஸ்டெல்லா டீச்சர் உத்தரவாம். அந்தமான்ல எல்லாரும் ஜீன்ஸ்தான் போடணுமாம். காரணம் கேட்டா, "வேலைக்குச் சேந்ததுலருந்து சேலைதாங்க. எங்க ஸ்கூல்ல இன்னைக்கு வரைக்கும் சுடிதாருக்குக்கூட அனுமதி இல்ல. மடிப்பு கலையாம, பின்னு தெறிக்காம, கரும்பலகையில எழுதக் கையத் தூக்குனா இடுப்பு தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருந்தாச்சு. ஒரு அஞ்சாறு நாளைக்காவது அந்த நினைப்பு இல்லாம இருப்போம்னு பேசிக்கிட்டோம்"னா.

அறுபது வயசுல ஜீன்ஸ்! பேரன் பேத்தி எடுத்தவளுக! மாட்டுத்தோல் மாதிரி ஒரு துணி. காயிறதுக்கு ரெண்டு நாளாகும். அதுவும் கடல் தண்ணியில நனைஞ்சா அம்புட்டுத்தான், தூக்கிக்கிட்டு நடக்க ஆள் வைக்கணும். இதெல்லாம் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டு, "சனிக்கிழமை போய் எடுத்துட்டு வந்துர்றேன்"னா. சரி, யோசிச்சுப் பாத்தேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு உடுப்புன்னு வச்சாச்சுன்னா அத எல்லாரும் போடணும். காக்கிச் சட்டையில இருந்தவன் சார் நான், ஒழுங்கு மீற மாட்டேன். "அப்ப எனக்கும் ஒண்ணு எடு"ன்னேன்.

அவ என்னய ஒரு மாதிரி பாத்தா. "உங்களுக்கு எதுக்குங்க?"ன்னா.

வீண் செலவுன்னு நினைக்கிறா போலன்னு நினைச்சேன். "ஏன், எனக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்குறியா"ன்னு சத்தம் போட்டுட்டு, சனிக்கிழமை நானே முன்னாடி கெளம்பி நின்னேன்.

அந்தக் கடைக்குப் போயிருக்கீங்களா? போகாதீங்க. வாசல்லயே நாலு பேரு நின்னு கும்புடுறான், உள்ள போனா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. முதல்ல பொம்பளைங்க மாடி. அங்க நின்ன புள்ளைக்கு என்ன ஒரு இருவது வயசிருக்கும். "ஆன்ட்டிக்கு ஹை வெய்ஸ்ட் நல்லாருக்கும்"ங்குது. ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்க, இவ உள்ள போறா, வர்றா, போறா, வர்றா. இடுப்பு சரியா இருந்தா தொடையில ஏற மாட்டேங்குது. தொடை சரியா இருந்தா பின்னால இடுப்புல ஒரு சாண் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. அந்த எடைவெளியில ஒரு சொம்பு சொருகலாம். "சேலையில இந்தத் தொல்லை உண்டா? எந்த இடுப்பா இருந்தாலும் ஏத்துக்கும்"னு சொல்லிக்காட்டுனேன். அந்தப் புள்ள சிரிச்சுச்சு. இவ சிரிக்கல. அடுத்தத வாங்கிட்டு உள்ள போய்ட்டா.

"ஒரு சைஸ் பெருசா எடு, தொவச்சா சரியாயிரும்"னு வெளிய நின்னு கொரல் குடுத்தேன். "இல்ல அங்கிள், போடப் போட லூசாகும். இப்பப் பிடிப்பா இருந்தாத்தான் நல்லது"ங்குது அந்தப் புள்ள. எனக்கே சொல்லிக் குடுக்குது! பிடிப்பா இருக்கணுமாம். பார்வையா இருக்கணுமாம். நான் பேசப் பேச அது மறுபடியும் தேடித் தேடி எடுத்துக் குடுக்குது. இவளும் சலிக்காம போட்டுப் பாக்குறா. எனக்குத் தெரிஞ்சு இவ தனக்குன்னு ஒரு சேலைய ரெண்டாவது தடவ பிரிச்சுப் பாத்ததில்ல சார். நான் எடுத்து நீட்டுனா வாங்கிக்குவா. அன்னைக்கு என்னமோ பேய் புடிச்ச மாதிரி.

கடைசியா ஒண்ணப் போட்டுக்கிட்டு வந்தா. கருநீலம். மேல ஒரு முட்டி வரைக்கும் சட்டை. இடுப்பு, தொடை, கால் எல்லாம் அப்புடியே அளவெடுத்துத் தச்ச மாதிரி நிக்கிது. கண்ணாடிக்கு முன்னால நின்னா. மெதுவா ரெண்டு கையையும் ரெண்டு பாக்கெட்டுல விட்டா. விட்டுட்டு அப்புடியே நின்னுக்கிட்டு இருக்கா. அப்புறம் அந்த மாடியோட கடைசி வரைக்கும் நடந்து போனா. கைய வெளிய எடுக்காமலே திரும்பி நடந்து வந்தா. யாரோ பள்ளிக்கூடத்துப் புள்ள நடந்து வர்றாப்புல இருந்துச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அழகா இருந்தா சார். ரொம்ப அழகா இருந்தா. ஆனா சொல்லல. இந்த மாதிரி விசயத்தச் சொன்னா அப்புறம் தலையில ஏறிக்கும். "ம்ம், பின்னால கொஞ்சம் எடுப்பாத் தெரியுது, வேற பாரு"ன்னேன்.

"இதுதான் எனக்குச் சரியா இருக்கு"ன்னா. எங்கிட்டச் சொல்லல, கண்ணாடியப் பாத்துச் சொன்னா.

அப்புறம் ஆம்பளைங்க மாடி. அங்க ஒரு பய, என் இடுப்ப அளக்கச் சொன்னா, பேன்ட்ட மடிச்சு இடுப்புப் பட்டைய என் கழுத்தச் சுத்திப் புடிக்கிறான். எதுக்குடா கழுத்துல சுத்துறன்னு கேட்டா, "ரெண்டு முனையும் பின்னால தொட்டுச்சுன்னா இடுப்புக்குச் சரியா இருக்கும் சார்"ங்குறான். இத விட ஒரு கேலிக்கூத்து உண்டா? எங்க கழுத்து, எங்க இடுப்பு! எனக்குக் கழுத்து ஒல்லி சார். வயிறு அப்புடி இல்ல. அவன் சொன்னத எடுத்துட்டு உள்ள போனா, பட்டன் பூட்டுறதுக்குள்ள வேர்த்து ஊத்திருச்சு. மூச்ச உள்ள இழுத்துப் புடிச்சா பூட்டுது, விட்டா தெறிக்கும் போல இருக்கு. நிக்கிறதுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. உக்காரத்தான் முடியல. தீவுல உக்கார்றதுக்கு என்ன வேலை, நிக்கவும் நடக்கவுந்தான போறோம்னு நானும், "போடு பில்ல"ன்னுட்டேன்.

பில்லு போடுற எடத்துல வச்சுத்தான் சார் அது நடந்துச்சு.

அந்தப் பொம்பளைங்க மாடிப் புள்ளதான் துணிய எடுத்துக்கிட்டுக் கீழ வந்துச்சு. பரிமளாகிட்ட அதுக்கு ஒரு ஒட்டுதல் வந்துருச்சு போல. "ஆன்ட்டி, அங்கிளும் சேந்துதான் அந்தமான் போறீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"இல்லம்மா, நாங்க அஞ்சு டீச்சர் மட்டுந்தான்"னா இவ.

எனக்கு முன்னாடி வச்சு. என் ஜீன்ஸ பில்லு போடுற பய பைக்குள்ள போட்டுக்கிட்டு இருக்கான். எம்முகத்தப் பாக்காம, பைய வாங்கிக்கிட்டு, "வாங்க போவோம்"னு நடக்குறா.

வெளிய வந்தும் வராததுமாப் புடிச்சுக்கிட்டேன். நடு ரோடுன்னுகூடப் பாக்கல. "எத்தன நாளா நான் நாயா அலைஞ்சு ஏற்பாடு பண்றேன், ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையாடி உனக்கு"ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, "சொல்ல வந்தப்ப எல்லாம் நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க." எப்புடி இருக்கு? நான் பேசிக்கிட்டு இருந்தேனாம்! மனுசன் பேசத்தான் செய்வான். நடுவுல பூந்து சொல்ல வேண்டியதுதான? எவ்வளவு பெரிய பொய்யி பாருங்க. இவ ஒரு தடவகூட சொல்ல வரல சார். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?

அந்த ரோட்டுலருந்தே ஸ்டெல்லாவுக்குப் போனப் போட்டேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, யாரோட வீட்டுக்காரரும் வரல, அது அப்புடித்தான் முடிவு பண்ணோம்"னு இழுக்குது. "அப்புடின்னா மேடையில ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?"ன்னேன். "அத்தன பேருக்கு முன்னாடி உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் சார்"ங்குது. அக்கறை! ஊரே சேந்து எனக்கு மாலை போட்டு முட்டாளாக்கிட்டு, மனசு சங்கடப்படக் கூடாதாம். "உங்க அந்தமானும் வேணாம், உங்க சங்காத்தமும் வேணாம், நானே வரல போங்க"ன்னு போன வச்சுட்டேன். கவனிச்சுக்கங்க சார், வரலைன்னு சொன்னது நான். தெருவுல யார் கேட்டாலும் இதத்தான் சொல்லியிருக்கேன். கடக்காத்து ஒத்துக்காது, நான்தான் வேணாம்னுட்டேன்னு.

சரி, ஒரு நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா தானா வழிக்கு வந்துருவான்னு பாத்தேன். எத்தனையோ தடவ வந்திருக்கா. இந்தத் தடவ, நான் பேசலைங்குறதக் கவனிச்ச மாதிரியே தெரியல சார். வேலை பாட்டுக்கு நடக்குது. மாவு அரைச்சு வச்சா, பொடி இடிச்சு வச்சா, கேஸ் புக்கிங் பண்ணா. "எனக்கு ஒண்ணும் வேணாம், நான் கடையில தின்னுக்குவேன்"னேன். "சரிங்க, அதுவும் நல்லதுதான்"னுட்டு மாவ எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டா. ஒரு நாள் மத்தியானம் கதவ ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, அந்த ஜீன்ஸப் போட்டுக் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தா. உள்ள என்னமோ பாட்டு முணுமுணுக்குறா. கல்யாணம் ஆன புதுசுல கேட்டது அந்தக் கொரலு. எனக்கு உள்ள போகணும் போல இருந்துச்சு. போயி என்ன சொல்றதுன்னு தெரியாம, வாசல்ல நின்னு, "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, யாரும் பாக்குறதில்லையா இந்த வீட்டுல"ன்னு சத்தம் போட்டேன். பாட்டு நின்னுருச்சு.

நேத்துக் காலையிலதான் கெளம்புனா. வேன் வருது, மத்த நாலு பேரையும் ஏத்திக்கிட்டு மதுரை ஏர்போர்ட்டு. கட்டில் மேல பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு கடைசியா என்னமோ அடுக்குறா. அந்த ஜீன்ஸத்தான் போட்டிருக்கா. தலையில பூவும் வச்சிருக்கா. நான் கதவோரமா நிக்கிறேன். வேன் வந்துரும், வந்துட்டாப் போயிருவா. இத்தன வருசத்துல அவ இல்லாம அந்த வீட்டுல நான் ஒரு ராத்திரி தங்குனது கெடையாது. பிரசவத்துக்குப் போனப்பகூட நான் அவங்க ஊர்ல போய்த்தான் கெடந்தேன். கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. நான் யார்கிட்டயும் எறங்கிப் போனவன் இல்ல. எறங்குனேன்.

"பரிமளா, நான் வேணா வரட்டுமா? இப்பக் கூட டிக்கெட்டு கெடைக்குமாம், விசாரிச்சுட்டேன். உங்க கூடத் தங்கல, தனியா ரூம் போட்டுக்கிறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. நானும் வரட்டுமா?"

அவ அடுக்குறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தா. பாத்துட்டு ஒரே வார்த்ததான் கேட்டா.

"வந்து?"

அம்புட்டுத்தான் சார். "வந்து?"

கோவமாக் கேட்டிருந்தா எங்கிட்டப் பதில் இருக்கு. கிண்டலாக் கேட்டிருந்தா அதுக்கும் மேல இருக்கு. ரெண்டும் இல்ல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. பள்ளிக்கூடத்துல பிள்ளைககிட்டக் கேள்வி கேட்டுட்டு நிப்பாங்களே, அப்புடிப் பொறுமையா, எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறா. சொன்னாக் கேக்கத் தயாராத்தான் இருந்தா சார், எனக்கு நல்லாத் தெரியும். சரியான பதிலச் சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாளோ என்னமோ. நான் வாயத் தொறந்தேன். மைக்குல ஊரையே அதட்டுன வாயி. ஒண்ணும் வரல. வெளிய வேன்காரன் ஆரன் அடிச்சான். அவ இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் பெட்டிய மூடி ஜிப்ப இழுத்துட்டா.

என்ன கேள்வி சார் அது? கட்டுன புருசன்கிட்டக் கேக்குற கேள்வியா? வந்துன்னா, வந்து என்ன செய்வாங்க? எல்லாரும் செய்யிறதத்தான் செய்வாங்க. நேத்துலருந்து நானும் யோசிச்சுப் பாக்குறேன். டைம் பாத்துக் கெளப்புவேன்னு சொல்லலாம்னா, அதுக்குத்தான் விசில் வச்சுக்கிட்டு ஸ்டெல்லா இருக்கு. வேற என்ன சொல்றது? உங்களையே எடுத்துக்கங்க. உங்களுக்கும் வீட்டம்மா இருப்பாங்க. நீங்களும் இப்புடி வரட்டுமான்னு கேட்டு, அவங்களும், வந்துன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க? சும்மா சொல்லுங்க சார், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

என்ன சார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.